லயத்து அடுப்பு
வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வீடும் தீயும்

அடுதல் என்பது சமைத்தல். அடுவதற்குரிய இடம் அடுப்பு. அடும் இல் அட்டில். பழந்தமிழர் ஒரு குடியின் வாழ்வையும் தாழ்வையும் அடுப்பை வைத்தே அளந்தனர். பெருந்தலைச் சாத்தனார் குமண வள்ளலிடம் தம் வறுமையை எடுத்துரைக்கும் 164ஆம் புறப்பாட்டில், கையில் பொருளில்லை என்று வாளா சொல்லி நிறுத்தவில்லை. சமையலை மறந்துபோன அடுப்பில் காளான் பூத்துக் கிடப்பதைக் காட்டுகிறார். அந்த ஒரு காட்சியே குமணனுக்குப் போதுமானதாயிற்று.

அதே அளவுகோலைக் கொண்டு, கடல் கடந்து சென்ற தமிழரின் வரலாற்றையும் அளந்து பார்க்கலாம். கூலிக் கணக்கும் ஏற்றுமதிக் கணக்கும் தோட்ட முதலாளிகளின் ஏடுகளில் உள்ளன. அடுப்பின் கணக்கோ எந்த ஏட்டிலும் தனியே எழுதப்படவில்லை. எனினும் கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் அடுப்பு எங்கே இருந்தது, எதனால் எரிந்தது, உடைந்தபோது அதனைச் செப்பனிட்டவர் யார் என்று வினவினால், அம்மக்களின் வரலாற்றில் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும்.

லயம் எழுந்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ரப்பர் விலை ஏறிற்று. சிலாங்கூர் ஆற்றின் இருமருங்கும் இருந்த காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்களாயின. 1905ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கொன்னியே, ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் நாவலாசிரியராகிப் பிரான்சின் கொன்கூர் பரிசை 1930இல் பெற்றவரும் அவரே. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் என்று தமிழ்ச் சொல்லையே பெயராகத் தாங்கிய தோட்டத்தில், 1917இல் அவர் செம்பனையை வாணிக முறையில் பயிரிட்டார். மலாயாவில் அதுவே முதல் முயற்சி. அப்பயிர் அறுபது ஆண்டுகளுக்குப் பின் லயத்து அடுப்பையே மாற்றப்போகிறது என்பதை அன்று எவரும் நினைத்திருக்க இயலாது.

தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். நாகப்பட்டினம், ஆவடி முகாம்களில் தங்கிக் கப்பலேறியவர்கள் மலாயாத் துறைமுகங்களில் இறங்கித் தோட்டங்களை அடைந்தனர். ஊரிலிருந்து அவர்கள் கொண்டுவந்தவை சில துணிகளும் பாத்திரங்களுமே. அடுப்பைக் கொண்டுவர முடியாது. அதனை வந்த இடத்து மண்ணில்தான் உண்டாக்க வேண்டும். ஆகவே புதிய நாட்டில் அவர்கள் தமக்கென்று கட்டிய முதற் கட்டுமானம் அடுப்பே எனலாம்.

வீட்டைக் கட்டியது தோட்டம். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள். அறைக்கு ஒரு கதவு. முன்னே ஒடுங்கிய தாழ்வாரம். இவ்வரிசை வீடே லயம் எனப்பட்டது. முதற் காலத்து லயங்கள் பல மரத்தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டவை. அத்தாப்பு அல்லது தகரம் வேயப்பட்டவை. சிலவற்றில் இரண்டு வரிசை அறைகள் நடுச்சுவரைப் பொதுவாகக் கொண்டு முதுகோடு முதுகாக அமைந்தன. அவ்வறைகளுக்குப் பின்வாசல் இல்லை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வழியில்லை. பத்தடிச் சதுரமோ அதைச் சற்றே மிஞ்சியதோ ஆன அறைக்குள் குடும்பம் உறங்கியது. சமையலறை என்ற ஒன்று அவ்வீட்டின் அமைப்பிலேயே இல்லை.

எனவே அடுப்பு வெளியேறிற்று. உயர்ந்த லயங்களில் வீட்டின் அடியில், தூண்களுக்கிடையே மண்தரையில் அடுப்பு மூட்டினர். தாழ்ந்த லயங்களில் தாழ்வாரத்து மூலையில் மூட்டினர். மழைக்காலத்தில் சாரல் தீயை அவிக்கும். காற்றடித்தால் ஒரு வீட்டின் புகை அடுத்த வீட்டுக்குள் புகும். பின்னர்ப் பழைய தகரமும் பலகையும் கொண்டு மக்களே லயத்தை ஒட்டிச் சிறு சாய்ப்புகள் இறக்கினர். தோட்டத் தமிழரின் சமையலறை இவ்வாறு வீட்டுக்கு வெளியே ஒட்டாகப் பிறந்தது.

மண்ணடுப்பும் அதன் பழுதும்

மூன்று கல் கூட்டிய அடுப்பு வழிப்போக்கனுடையது. குடும்ப அடுப்பு மண்ணால் பிசைந்து எழுப்பப்படுவது. களிமண்ணையோ புற்றுமண்ணையோ நீர்விட்டு ஊறவைத்து, நறுக்கிய வைக்கோலையோ உமியையோ கலந்து மிதிப்பர். நாரும் உமியும் கலப்பது உலரும்போது மண் வெடியாமலிருக்க. வாய், முதுகு, மூன்று குமிழ் ஆகியவற்றை வைத்து, அருகே கொடியடுப்பு ஒன்றைச் சேர்ப்பர். பெரிய அடுப்பில் எரியும் தீயின் நாக்கு ஓர் உள்வழியாகக் கொடியடுப்புக்குச் சென்று அங்குள்ள குழம்பைச் சூடாக வைத்திருக்கும். ஒரு விறகில் இரு பாத்திரம் காய்வது இதன் சிறப்பு.

குமிழின் உயரமே இக்கலையின் நுட்பம். குமிழ் உயர்ந்தால் தீ பானையைத் தொடாமல் பக்கவாட்டில் ஓடிப்போம். தாழ்ந்தால் காற்றுப் போக இடமின்றித் தீ மூச்சுத்திணறிப் புகையும். இவ்வளவை எந்த நூலும் கற்பிக்கவில்லை. மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்கு வந்த அறிவு இது.

மண்ணடுப்பு பழுதாவது இயல்பு. நாள்தோறும் சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்குவதால் முதுகில் கீறல் விழும். பொங்கி வழியும் கஞ்சி சுட்ட மண்ணை இளக்கும். பாத்திரத்தின் எடையும் இடியும் குமிழைத் தேய்க்கும். கீறல் வழியே வெப்பம் வீணாகும். விறகு மிகுதியாகச் செலவாகும். ஆதலால் செப்பனிடல் ஆண்டுக்கொரு முறை செய்யும் வேலையாக அன்றி, அன்றாட ஒழுக்கமாகவே இருந்தது. கரியைச் சுரண்டி, கீறலை நனைத்து, கூழ்போலக் கரைத்த மண்ணைத் திணித்து, மேலே சாணமும் மண்ணும் கலந்து மெழுகுவர். ஈரம் முற்றும் காயுமுன் பெருந்தீ மூட்டினால் உள்நீர் ஆவியாகி ஒட்டை உதிர்த்துவிடும். ஆகவே முதலில் சிறு சுள்ளியால் இளஞ்சூடு காட்டுவர். பழுது அளவு மீறினால் பழைய அடுப்பை இடித்து, அம்மண்ணையே புதுமண்ணோடு கலந்து மீண்டும் எழுப்புவர். பொங்கல் வருமுன் அடுப்பைப் புதுக்குவதும், பொங்கலுக்கென்று வாசலில் தனியே அடுப்புக் கூட்டுவதும் ஊரிலிருந்து வந்த வழக்கங்கள்.

மரம் சீவும் பெண்ணுக்கு நாள் விடியுமுன் தொடங்கும். இருட்டில் எழுந்து உலை வைத்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்குப் போக வேண்டும். அந்த வேளையில் அடுப்பு புகைந்தால் அவளுடைய நாளே பிந்தும். எனவே அடுப்பைப் பழுதின்றி வைத்தல் அழகுக்காக அன்று. அவளுடைய கூலிக்கே அது காவலாக இருந்தது.

இரண்டு உலைகள்

அதே தோட்டத்தில் இன்னோர் உலையும் எரிந்துகொண்டிருந்தது. அது புகைவீட்டின் உலை. பாலை அமிலத்தால் உறையவைத்து, உருளைகளில் தகடாக அழுத்தி, அத்தகடுகளைப் புகைவீட்டில் தொங்கவிடுவர். நாற்பது முதல் அறுபது பாகை வெப்பத்தில் சில நாட்கள் புகையூட்டினால் தகடு உலர்ந்து தேன்நிறம் பெறும். வெப்பம் மிஞ்சினால் தகட்டில் குமிழி எழும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பொறி பறந்தால் புகைவீடே எரிந்துபோம். ஆகவே இவ்வுலையின் செங்கல், கதவு, காற்றுவழி ஒவ்வொன்றும் கவனிக்கப்பட்டன. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், சிலாங்கூரிலேயே சுங்கை பூலோவில் தன் ஆய்வுப் பண்ணையை அமைத்தது. புகைவீட்டின் அமைப்பையும் ஆராய்ந்து தோட்டங்களுக்கு அறிவுரை வழங்கிற்று.

இரண்டு உலைக்கும் விறகு ஒன்றே. முதிர்ந்து பால் வற்றிய மரங்களை இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கொரு முறை வெட்டி வீழ்த்தி மறுநடவு செய்வர். அம்மரமே புகைவீட்டுக்கும் போயிற்று. அதன் கிளையும் சுள்ளியும் லயத்துக்கும் வந்தன. ஆயினும் பழுது நேரும்போது இரண்டின் வழியும் பிரிந்தன. புகைவீட்டு உலை இடிந்தால் அது தோட்டக் கணக்கில் ஒரு செலவு, கொத்தனார் வருவார். லயத்து அடுப்பு இடிந்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. வேலை முடிந்து வந்த பெண் மண் பிசைவாள். ரப்பரை உலர்த்தும் தீக்கு இருந்த மதிப்பு, ரப்பரை எடுப்பவளுக்குச் சோறாக்கும் தீக்கு இல்லை.

சட்டம் நுழைந்த சமையலறை

இந்நிலை சட்டத்தின் கண்ணுக்கு முற்றும் தப்பிவிடவில்லை. மலாயாக் கூட்டரசு நாடுகளின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதனை விரித்த 1923ஆம் ஆண்டுச் சட்டமும் வீடு, குடிநீர், துப்புரவு, மருத்துவம் ஆகியவற்றில் தோட்டங்களுக்குக் கடமைகளை விதித்தன. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டுமென்ற விதியும் இவற்றில் பிறந்ததே. இன்றும் வழங்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளியும், லயத்துச் சமையலறையும் இவ்வகையில் ஒரே சட்டக் குடும்பத்தைச் சேர்ந்தவை. குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டுமென்றும் 1923ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. காய்கறி விளைந்ததும் மாடு நின்றதும் அத்தகைய நிலங்களில்தான். அடுப்பு மெழுகும் சாணமும் அந்த மாடு தந்ததே.

1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி இந்திய அரசின் முகவர் ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்தார். முகவர் அறிக்கைகளில் முதுகோடு முதுகு லயங்களின் குறை எடுத்துச் சொல்லப்பட்டது. மெல்ல மெல்ல அவ்வகை லயங்கள் விலக்கப்பட்டு, பின்புறத்தில் சமையற்கட்டு உள்ள வீடுகளும், இரட்டை வீடுகளும் எழலாயின. அடுப்பு தாழ்வாரத்தினின்றும் பின்கட்டுக்கு நகர்ந்தது. சிறு மாற்றமாகத் தோன்றினும், குடும்பம் ஒன்று பிறர் பார்வைக்கு மறைவாகச் சமைத்து உண்ணும் உரிமை அதனால் கிட்டிற்று.

உரிமை என்ற சொல் மிகையன்று. 1941இல் கிள்ளானில் மூண்டு கோலசிலாங்கூர் வரை பரவிய தோட்ட வேலைநிறுத்தத்தில் முன்வைத்த கோரிக்கைகளுள், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதும் ஒன்று. சொந்த அடுப்பில் சமைத்த சோற்றை வந்த விருந்தினருக்கு இடுவதற்கும் துரையின் இசைவு வேண்டியிருந்த காலம் அது. விருந்தோம்பலை இல்வாழ்வின் பயனாகக் கொண்ட ஓர் இனத்துக்கு இதனினும் கடுமையான இழிவு வேறில்லை.

போரும் அவசரகாலமும்

அடுத்து வந்த ஜப்பானியர் ஆட்சியில் (1942–1945) அரிசி அருகிற்று. மரவள்ளிக் கிழங்கு வெந்தது. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆண்கள் பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டனர், பெரும்பகுதியினர் திரும்பவில்லை. அவர்களது லயங்களில் அடுப்பை அணையாமல் காத்தவர்கள் தனித்து நின்ற பெண்கள். பெருந்தலைச் சாத்தனாரின் காளான் பூத்த அடுப்பு, அவ்வாண்டுகளில் பாட்டில் மட்டும் இருக்கவில்லை.

1948இல் தொடங்கி 1960இல் முடிந்த அவசரகாலத்தில் வேறொரு மாற்றம் நேர்ந்தது. சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலியிடப்பட்டன. காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு உணவு போகாதபடி அரிசி பங்கிடப்பட்டது. வேலைக்குப் புறப்படுவோர் சோதிக்கப்பட்டனர். நாட்டின் சில பகுதிகளில் அரிசியையே வீட்டுக்குத் தராமல், பொதுச் சமையலறையில் வடித்த சோற்றையே தந்தனர்; வடித்த சோறு விரைவில் கெட்டுவிடுவதால் அதனைப் பதுக்கவோ கடத்தவோ இயலாது என்பதே காரணம். வீட்டு அடுப்பில் உலை வைப்பது அரசின் கவலைக்குரிய செயலாயிற்று.

விறகு போய் எண்ணெய் வந்தது

விடுதலைக்குப் பின், அடுப்பை மாற்றியது சட்டமன்று, பயிரே. ரப்பர் விலை தளர, 1960களிலிருந்து தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. தென்னமரத்தில் 1917இல் ஊன்றிய பயிர் வட சிலாங்கூரெங்கும் பரவிற்று. செம்பனையின் தண்டு நீர் நிறைந்தது, விறகுக்கு உதவாது. அதன் நாரும் ஓடும் ஆலையின் கொதிகலனுக்கே இரையாயின. பால்மரம் நின்ற தோட்டங்களிலும் நிலைமை மாறிற்று. 1980களில் ரப்பர் மரம் நாற்காலி மேசை செய்யும் ஏற்றுமதிப் பொருளாகிவிட்டது. அடுப்பில் எரிந்த மரம் அறைகலனாக விலைபோயிற்று.

இவ்வாறு விறகு குறையக் குறைய மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. திரியடுப்பில் கரிந்த திரியை நறுக்கிவிட வேண்டும். தேய்ந்தால் புதுத்திரி கோக்க வேண்டும். பம்பு அடுப்பில் எண்ணெய் பீறிடும் துளையை ஊசியால் குத்தித் தூர் எடுக்க வேண்டும். பின்னர் எரிவாயு உருளை வந்தது. மண் பிசைந்த கை இப்பொழுது குழாயையும் வாரையும் மாற்றக் கற்றது. இங்கே ஒரு வேறுபாடு கருதத்தக்கது. மண்ணடுப்பைப் புதுக்கக் காசு வேண்டியதில்லை. மண்ணும் கையும் போதும். புதிய அடுப்பின் உறுப்புகளையோ கடையில்தான் வாங்க வேண்டும். செப்பனிடும் அறிவு பெண்ணின் கையிலிருந்து நழுவிச் சந்தைக்குச் சென்றது. ஆயினும் அவள் நுரையீரலுக்கு அது பெரும் விடுதலை என்பதை மறுத்தற்கில்லை.

அப்புகையின் தீமையை அறிஞர் உலகம் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. ஐதராபாத்துப் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகைபோக்கி வைத்த மண்ணடுப்பொன்றை வகுத்து, 1953இல் அதுபற்றிய சிறுநூலை வெளியிட்டார். சமையலறையில் புகையைப் போக்குவதே அவருடைய நோக்கம். முப்பது ஆண்டு கழித்து 1980களில் இந்திய அரசு சீரடுப்புத் திட்டத்தை நாடெங்கும் தொடங்கிற்று. அத்திட்டத்தின் அடுப்புகள் பல, சில ஆண்டுகளில் இடிந்து கைவிடப்பட்டன. அடுப்பைக் கொடுத்தவர்கள் அதனைச் செப்பனிடும் வழியைக் கொடுக்கவில்லை என்பது அதில் கிடைத்த பாடம். திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. மீதி வெளியேறுகிறது, புகையோ சமைப்பவளின் மார்பில் தங்குகிறது. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. தாழ்வாரத்து மூலையில் ஊதுகுழலோடு இருமிய பாட்டிமாரின் நோய்க்கு இன்று பெயர் கிடைத்திருக்கிறது.

அடுப்பு யாருடையது?

1966இல் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1990இல் அது விரிவாக்கப்பட்டது. குழாய்நீர், மின்சாரம் ஆகியவற்றை அளிப்பதும், கட்டடத்தைப் பழுதின்றி வைத்திருப்பதும் முதலாளியின் கடமையாயிற்று. அரை நூற்றாண்டாகத் தொழிலாளியே சுமந்த செப்பனிடும் கடமையைச் சட்டம் உரியவர் தோளில் ஏற்றிற்று. அதே சட்டத்தில், இசைவின்றிக் கட்டடத்தோடு எதையும் ஒட்டிக் கட்டலாகாது என்னும் கருத்தும் உண்டு. சமையலறை தராத வீட்டுக்குத் தாமே சாய்ப்பு இறக்கிச் சமையலறை உண்டாக்கியவர்களின் கைவேலை, சட்டத்தின் மொழியில் இசைவற்ற ஒட்டாயிற்று.

இதனினும் பெரிய முடிச்சு ஒன்று அவிழாமல் நின்றது. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போம். 1950களில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது இது வெட்டவெளிச்சமாயிற்று. துண்டாடலின் கேட்டை உங்கு அசீஸ் ஆராய்ந்து எழுதினார். அதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழிசெய்தார். அவ்வழி சிலரைக் காத்தது. எல்லாரையும் காக்க அதனால் இயலவில்லை.

1990களில் வட சிலாங்கூரின் தோட்ட நிலங்களில் புதுநகரங்கள் எழுந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்னும் ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் வீடு கேட்டுப் பல்லாண்டு போராடின. அவர்களது கோரிக்கை 2020களிலும் செய்தியாகவே இருந்தது. அவர்கள் கேட்டது, ஒருவர் சொல்லால் இடிபடாத ஓர் அடுப்பங்கரை.

இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை துலங்கும். வீட்டின் அடியிலிருந்து தாழ்வாரத்துக்கும், தாழ்வாரத்திலிருந்து சாய்ப்புக்கும், சாய்ப்பிலிருந்து பின்கட்டுக்கும் அடுப்பு படிப்படியாக நடந்து வந்துள்ளது. விறகு எண்ணெயாயிற்று, எண்ணெய் வாயுவாயிற்று. ஒவ்வொரு படியிலும் அதனைச் செப்பனிட்டும் புதுக்கியும் காத்தவள் தோட்டத்துப் பெண். ஆனால் அடுப்பு ஊன்றிய நிலம் மட்டும் ஒருநாளும் அவளுடையதாக இருந்ததில்லை. வீட்டைப் பழுதுபார்ப்பது எளிது. வீட்டின்மேல் உரிமையில்லாமை என்னும் பழுதைப் பார்ப்பதே அரிது.

கொடியடுப்பு, குமிழ், ஊதுகுழல், விறகுப் பரண் என்னும் சொற்கள் புதுநகர வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு அகராதிச் சொற்களாகி வருகின்றன. தோட்டத்தில் வாழ்ந்த முதியோர் இன்னும் பலர் உளர். புறநானூற்று அடுப்பைப் பாடமாக நடத்தும் வகுப்பில், அப்பிள்ளைகள் தத்தம் பாட்டியிடம் கேட்டுவந்த லயத்து அடுப்பும் இடம்பெறுமாயின், இரண்டாயிரம் ஆண்டுப் பாட்டு அவர்கள் வீட்டுக் கதையாகிவிடும்.